வெளியூர் மண்ணில் வென்ற கோப்பை: 2018 இறுதி ஆட்டத்தில் கூட்டத்தின் ஓசை ஏன் உதவவில்லை?

மேற்குக்கரையான் (பெர்த்)

வணக்கம். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் வெளியூர் வெற்றிகளைப் பற்றிப் பேசும்போது, எதிரணியின் ரசிகர் கூட்டத்தை "வாயடைக்கச் செய்தார்கள்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது எப்படி நிகழ்கிறது என்பதை யாரும் விளக்குவதில்லை. நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்த ஓர் ஆட்டத்தை வைத்து அதை விளக்க முயல்கிறேன். 2018 செப்டம்பர் 29 அன்று மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில், நாம் எல்லோரும் எம்.சி.ஜி. என்று அழைக்கும் அந்தப் பேரரங்கில், 1,00,022 பேர் முன்னிலையில் எங்கள் பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் மெல்பர்னின் காலிங்வுட்டை வென்ற இறுதி ஆட்டம்தான் அது.

முடிவு 79க்கு 74. இரு அணிகளும் தலா 11 கோல்கள் அடித்தன. ஒரு புள்ளி மட்டும் தரும் பிஹைண்டுகளில் ஈகிள்ஸ் 13உம் காலிங்வுட் 8உம் எடுத்தன. ஐந்து புள்ளி வித்தியாசம் முழுவதும் ஒற்றைப் புள்ளிகளால் வந்தது என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வியர்க்கிறது.

ஆட்டத்தின் முதல் ஐந்து கோல்களையும் காலிங்வுட் அடித்தது. பெர்த்தில் அப்போது மதியம் பன்னிரண்டரையைத் தாண்டிச் சற்று நேரம்தான் ஆகியிருந்தது. மெல்பர்னுக்கும் எங்களுக்கும் இரண்டு மணி நேர வேறுபாடு இருப்பதால், இறுதி ஆட்டம் எங்களுக்கு மதிய உணவு வேளையில் தொடங்கும். நண்பர் வீட்டில் பரிமாறிய பிரியாணி இலையில் ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. ஐந்தாவது கோலுக்கு எழுந்த ஆரவாரம் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியையே இரையச் செய்தது. 2015 இறுதி ஆட்டத்தில் ஹாதார்ன் அணியிடம் ஈகிள்ஸ் 46 புள்ளிகளில் தோற்ற அந்த நாள்தான் மீண்டும் வருகிறது என்று நினைத்தேன்.

அங்கிருந்து மீண்டு வந்து வென்றார்கள். அவர்களுடைய மன உறுதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெளியூர் ஆட்டத்தை மன உறுதி மட்டும் வென்று தராது. கூட்டத்தின் ஓசைக்கு வேலை இல்லாதபடி ஆடும் ஒரு முறை உண்டு; ஈகிள்ஸ் அந்த முறையைப் பல ஆண்டுகளாகப் பழகியிருந்தது. என் வாதம் இதுதான். மற்றவர்களின் கருத்தையும், குறிப்பாக அன்று மைதானத்தில் இருந்தவர்களின் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

யாரா நதியோரம் (மெல்பர்ன்)

நான் அன்று அங்கே இருந்தேன். காலிங்வுட்டின் கறுப்பு வெள்ளைக் கழுத்துத்துணியை அணிந்திருந்தேன். ஆகவே இந்த இழையில் நடுநிலையாளராக நடிக்கப் போவதில்லை.

நீங்கள் சொல்லும் ஐந்தாவது கோல் நேரத்தில் மேல் அடுக்கின் சிமெண்டுத் தளம் காலுக்கடியில் அதிர்ந்தது. "காஆஆலிங்வுட்" என்று இழுத்து முழங்கும் அந்த ஓசையைத் தொலைக்காட்சியில் கேட்பது வேறு, அதற்குள்ளே நிற்பது வேறு. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் ஒரு காதில் வானொலிச் செவிப்பொறியை மாட்டிக்கொண்டு வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். முதல் காற்பகுதியில் அவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். அந்த இரைச்சலில் அது அவருக்குப் பயன்படவில்லை. கடைசிக் காற்பகுதியில் மீண்டும் எடுத்து மாட்டினார். அந்த ஒரு செயலே அன்றைய ஆட்டத்தின் கதையைச் சொல்லிவிடும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் உங்களிடம் ஒரு கேள்வி உண்டு. கடைசி இரண்டு நிமிடங்களில் ஒரு கடினமான உதை கோலாக மாறியது என்பதற்காக, அதற்கு முந்தைய நூறு நிமிடங்களுக்கும் சேர்த்து ஒரு தத்துவத்தை எழுதலாமா? அந்த உதை ஓர் அடி தள்ளிப் போயிருந்தால், கூட்டத்தின் ஓசை ஈகிள்ஸை எப்படி நொறுக்கியது என்று வேறொருவர் எழுதியிருப்பாரே?

புதுவரவு (சிட்னி)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இந்த நாட்டுக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. இந்த ஆட்டத்தை இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன். கோல் என்றால் ஆறு புள்ளிகள், பிஹைண்ட் என்றால் ஒரு புள்ளி என்பது வரை புரிகிறது. கூட்டத்தின் ஓசைக்கு வேலை இல்லாதபடி ஆடுவது எப்படி என்பதைப் புதியவருக்கும் விளங்கும்படி சொல்ல முடியுமா, அண்ணா?

மேற்குக்கரையான் (பெர்த்)

இருவருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான்.

இந்த ஆட்டத்தில் பந்து மூன்று நிலைகளில் இருக்கும். தரையில் உருண்டுகொண்டிருக்கலாம். ஒருவர் கையில் இருக்க, எதிரணியினர் அவரைப் பிடித்து அமுக்கலாம். அல்லது குறைந்தது 15 மீட்டர் தூரம் உதைத்து அனுப்பப்பட்ட பந்தை ஒருவர் தரையில் படாமல் பிடிக்கலாம். இந்த மூன்றாவது வகைப் பிடிப்புக்குத்தான் மார்க் என்று பெயர். மார்க் பிடித்தவுடன் நடுவர் விசில் ஊதுவார். அதன்பின் அவரை யாரும் தொட முடியாது, அவர் பின்வாங்கி நிதானமாக உதைக்கலாம்.

இப்போது எண்ணிப் பாருங்கள். கூட்டம் எந்த நேரத்தில் பயன் தருகிறது? பந்து தரையில் கிடந்து பத்துப் பேர் அதன் மேல் விழும்போதுதான். யார் யாரைப் பிடித்தார், பந்தைச் சரியாக விடுவித்தாரா, முதுகில் தள்ளினாரா என்று நடுவர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நொடியில் எண்பதாயிரம் பேர் ஒருசேரக் கத்துவது அவர் காதிலும் விழும், பந்தை எடுக்கக் குனியும் வீரரின் காதிலும் விழும். ஆனால் பந்து உயரத்தில் பறந்து வந்து ஒருவர் கையில் சுத்தமாக அமர்ந்துவிட்டால் அங்கே தீர்ப்புக்கு இடமில்லை. கூட்டம் எவ்வளவு கத்தினாலும் விசில் ஊதப்பட்டுவிட்டது.

ஆகவே வெளியூர் அணி செய்ய வேண்டியது, பந்து தகராறில் இருக்கும் நொடிகளைக் குறைப்பதுதான். ஆடம் சிம்ப்சன் பயிற்றுவித்த அணி 2015 முதலே அதைத்தான் செய்தது. தற்காப்பில் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொள்ளாமல், வலை விரித்தாற்போல் இடங்களைக் காத்து நின்று, எதிரணி அவசரத்தில் உதைக்கும் பந்துகளை மெக்கவர்னும் ஹர்னும் ஷெப்பர்டும் மார்க் பிடித்துவிடுவார்கள். அங்கிருந்து உதை, மார்க், உதை, மார்க் என்று முன்னேறுவார்கள்.

இப்போது அந்தக் கடைசி கோலுக்கு வருகிறேன். காலிங்வுட் இரண்டு புள்ளிகள் முன்னிலையில் இருக்கிறது, 74க்கு 72. ஜெரமி மெக்கவர்ன் தற்காப்பில் குறுக்கே வந்து மார்க் பிடிக்கிறார். விலா எலும்பில் காயத்தோடு அன்று ஆடிய மனிதர் அவர். அவர் உதைத்த பந்தை நேதன் வார்டி மார்க் பிடிக்கிறார். வார்டி உதைத்ததை லியம் ரயன் துள்ளி எழுந்து மார்க் பிடிக்கிறார். ரயன் உதைத்ததை டொம் ஷீட் எல்லைக்கோட்டின் ஓரத்தில் மார்க் பிடிக்கிறார். மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நான்கு பேர், நான்கு மார்க். பந்து ஒரு முறைகூடத் தரையைத் தொடவில்லை. ஆண்டின் மிகப் பெரிய இரைச்சலுக்கு நடுவே, நடுவர் ஐயப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலை அந்த வரிசையில் எங்கும் எழவில்லை.

எனவே அக்கா, நான் அந்த ஓர் உதையை வைத்துத் தத்துவம் எழுதவில்லை. ஷீட்டின் உதை தவறியிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடத்துக்குப் பந்து போய்ச் சேர்ந்தது தற்செயல் இல்லை.

நிதானன் (அடிலெய்டு)

ஒரு அடிப்படைச் சந்தேகம். இறுதி ஆட்டம் வழக்கமாக எம்.சி.ஜி.யில் நடப்பது; அதை வெளியூர் ஆட்டம் என்று சொல்வது முறையா? விதிப்படி அன்று யாருக்கும் அது சொந்த ஆட்டம் கிடையாது. இரு மன்றங்களின் உறுப்பினர்களுக்கும் நுழைவுச்சீட்டுகள் ஒதுக்கப்பட்டன. புள்ளிப் பட்டியலில் ஈகிள்ஸ் இரண்டாவது, காலிங்வுட் மூன்றாவது. வரிசையில் பின்னால் இருந்தது காலிங்வுட்தான்.

சுபியாக்கோ பழையவர் (பெர்த்)

நிதானன் தம்பி கேட்டது நேர்மையான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்கிறேன். இந்த ஊருக்கு வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, இந்தக் கேள்வியோடுதான் இங்கே வாழ்ந்திருக்கிறேன்.

காலிங்வுட் வீரர்கள் பயிற்சி செய்யும் ஒலிம்பிக் பூங்கா மைதானம் எம்.சி.ஜி.யிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இறுதி ஆட்டத்தன்று அவர்கள் தங்கள் வீட்டில் தூங்கி எழுந்து, தங்கள் சமையலறையில் காலை உணவு உண்டு, வாரந்தோறும் போகும் அதே பாதையில் போனார்கள். ஈகிள்ஸ் வீரர்கள் சுமார் 2,700 கிலோமீட்டர் பறந்து வந்து, விடுதிக் கட்டிலில் தூங்கி, உடலுக்கு இன்னும் பழகாத நேரத்தில் எழுந்தார்கள். மன்றங்களின் உறுப்பினர்களுக்கான ஒதுக்கீடு சமமாக இருக்கலாம்; ஆனால் மெல்பர்ன் கிரிக்கெட் மன்றத்தின் உறுப்பினர்கள் பகுதியில் அமர்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அதை நடுநிலை மைதானம் என்று அழைப்பது தாளில் சரி, தரையில் சரியில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு, மைதானத்தின் வடிவம். 2017 வரை எங்கள் சொந்த மைதானமாக இருந்த சுபியாக்கோ சுமார் 175 மீட்டர் நீளமும் 122 மீட்டர் அகலமும் கொண்டது. எம்.சி.ஜி. அதைவிட நீளத்தில் குறைவு, அகலத்திலோ ஏறத்தாழ இருபது மீட்டர் கூடுதல். மேற்குக்கரையான் வர்ணித்த அந்த வலையைச் சுபியாக்கோவின் ஒடுங்கிய வெளியில் விரித்தால் மீன் ஒன்றும் தப்பாது. 2015இல் அதே வலையை எம்.சி.ஜி.யின் அகலத்தில் விரித்தபோது கண்ணிகள் விலகிவிட்டன. துல்லியமாக உதைக்கத் தெரிந்த ஹாதார்ன் வீரர்கள் பந்தை இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்கு மாற்றி மாற்றி அனுப்பி ஓட்டைகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டு, இறுதி ஆட்டத்துக்குச் சில வாரங்களுக்கு முன், சுபியாக்கோவில் நாங்கள் அதே ஹாதார்னை வென்றிருந்தோம். ஊர் மாறியதும் ஆட்டமும் மாறிவிட்டது. இதைவிட வெளியூர் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

2018இல் பெர்த்தில் புதிய அரங்கம் திறந்தார்கள். சுபியாக்கோவைவிட அது அகலமானது. வெளியூரில் ஆடுவதற்கான பயிற்சியை அந்த ஆண்டு முதல் எங்கள் அணி சொந்த ஊரிலேயே பெற்றது என்பது என் நெடுநாள் எண்ணம். அந்தக் கோப்பையில் ஒரு பங்கு அந்தப் புல்தரைக்கும் உண்டு.

நிதானன் (அடிலெய்டு)

ஏற்கிறேன், ஐயா. அகலத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. சொந்த ஊர் என்றால் கூட்டம் என்று மட்டுமே நினைத்திருந்தேன்.

இதோடு தொடர்புடைய ஓர் ஒப்பந்த விவகாரத்தையும் இங்கே பதிந்து வைக்கிறேன். 2018 ஏப்ரலில், அதாவது நாம் பேசும் இந்த இறுதி ஆட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன்புதான், இறுதி ஆட்டத்தை 2057 வரை எம்.சி.ஜி.யிலேயே நடத்துவதற்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. பதினெட்டு மன்றங்களில் எட்டு மன்றங்கள், மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்கு வெளியே இருக்கின்றன. என் ஊரின் இரண்டு மன்றங்களும் அவற்றில் அடக்கம். பெருந்தொற்றின் காரணமாக 2020இல் பிரிஸ்பேனிலும் 2021இல் பெர்த்திலும் நடந்தது. அந்த இரண்டு இறுதி ஆட்டங்களிலும் ஆடிய நான்கு அணிகளும் விக்டோரியாவைச் சேர்ந்தவை என்பது விந்தை. 57 ஆண்டுகள் காத்திருந்த மெல்பர்ன் அணி 2021இல் தன் கோப்பையைப் பெர்த்தில்தான் வென்றது. அவர்களுடைய ரசிகர்கள் வீட்டில் பூட்டிக் கிடந்து அதைப் பார்க்க வேண்டியிருந்ததை எண்ணினால் இப்போதும் மனம் கனக்கிறது.

யாரா நதியோரம் (மெல்பர்ன்)

மைதானத்தின் அகலத்தைப் பற்றிச் சுபியாக்கோ ஐயா எழுதியதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் மேற்குக்கரையான் தம்பி, நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. அந்த வரிசையில் நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலை எங்கும் எழவில்லை என்கிறீர்கள். எழுந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

ரயன் உதைத்த பந்து ஷீட்டை நோக்கி வரும்போது, அதைத் தடுக்க எங்கள் பிரேடன் மேனார்ட் ஓடி வந்தார். ஈகிள்ஸின் வில்லி ரியோலி அவருக்கு முன்னால் உடலைக் கொடுத்து வழியை மறித்தார். பந்தைப் பிடிக்க முயலாமல், பிடிக்க வருபவரை மறிப்பது விதிமீறல். நடுவர் ஊதவில்லை. காலிங்வுட் ரசிகர்கள் இருக்கும் எந்த வீட்டிலும் இன்றுவரை இதைப் பேசாமல் ஓர் இறுதி ஆட்ட நாள் கழிவதில்லை.

உங்கள் வாதத்துக்கே இது முரணாக இருக்கிறதே! எண்பதாயிரம் பேரின் ஓசை நடுவரை அசைக்கும் என்றால், அந்த நொடியில் ஏன் அசைக்கவில்லை? பெர்த்தில் எங்கள் அணி ஆட வரும்போதெல்லாம், உங்கள் கூட்டத்தின் ஓசைக்கு நடுவர்கள் இணங்கிவிடுகிறார்கள் என்று இங்கே மெல்பர்னில் பேசுவது உங்களுக்கும் தெரியும். எங்கள் ஓசை மட்டும் என்ன குறைந்தது?

மேற்குக்கரையான் (பெர்த்)

இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன், அக்கா. முதலில் என் பிழையை ஏற்கிறேன்; "எங்கும் எழவில்லை" என்பது மிகை. ஓர் இடத்தில் எழுந்தது.

ரியோலி தம் உடலால் மேனார்டின் பாதையில் நின்றார் என்பதை மறுக்கவில்லை. அதை விதிமீறல் என்று ஊதியிருந்தால் நான் ஆத்திரப்பட்டிருப்பேன். ஆனால் அநீதி என்று சொல்லியிருக்க மாட்டேன். ஆண்டு முழுவதும் அதுபோன்ற மறிப்புகள் பலவற்றை நடுவர்கள் ஊதாமல் விட்டார்கள், சிலவற்றை ஊதினார்கள்.

ஓசை ஏன் உதவவில்லை என்றால், கூட்டம் அந்த மறிப்பை அந்த நேரத்தில் பார்க்கவே இல்லை என்பதுதான் என் விடை. ரயன் துள்ளிப் பிடித்து மூன்று வினாடிகூட ஆகவில்லை. அத்தனை பேரும் அந்தத் துள்ளலைப் பார்த்து மூச்சடைத்திருந்தார்கள். பந்து அடுத்தவர் கைக்குப் போய்விட்ட பிறகுதான் ஓசை எழுந்தது. அதற்குள் விசில் ஊதி, மார்க் என்று முடிவாகிவிட்டது. தரைத் தகராறுகளில் கூட்டம் முன்கூட்டியே கத்தத் தொடங்கும். பிடிபடப் போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். விரைவான உதைகளின் வரிசையில் கூட்டம் எப்போதும் ஒரு நொடி பின்தங்கியே இருக்கிறது. நீங்கள் மைதானத்தில் இருந்தவர். உங்கள் நினைவில் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

சுபியாக்கோ பழையவர் (பெர்த்)

இளையவர்கள் வாதிடும் நேரத்தில் பழங்கதை ஒன்று, இதோடு தொடர்புடையதுதான்.

ஈகிள்ஸ் 1987இல் இந்தப் போட்டியில் சேர்ந்தது. 1991இல் முதல் இறுதி ஆட்டம். எம்.சி.ஜி.யில் கட்டட வேலை நடந்ததால் வேவர்லி பூங்காவில் நடந்தது; ஹாதார்னிடம் 53 புள்ளிகளில் தோற்றோம். மறு ஆண்டு எம்.சி.ஜி.யில் ஜீலாங்குக்கு எதிராக ஆடினோம். தொடக்கத்தில் ஜீலாங் முந்தியது, மெல்பர்ன் வர்ணனையாளர்களின் குரலில் உற்சாகம் வழிந்தது. பிறகு எங்கள் பீட்டர் மட்டேரா ஓடத் தொடங்கினார். பக்கவாட்டில், அந்த அகன்ற வெளியில், தன்னந்தனியாக ஓடி ஓடி, தொலைவிலிருந்து ஐந்து கோல்கள் அடித்தார். ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்குத்தான். 28 புள்ளிகளில் வென்றோம்; கோப்பை முதல் முறையாக விக்டோரியாவை விட்டு வெளியே போனது.

ஊர் முழுக்கச் சொன்ன காரணங்கள் பல: பயிற்சியாளர் மிக் மால்ட்ஹவுஸின் கண்டிப்பு, ஜான் வோர்ஸ்ஃபோல்டின் தலைமை. எனக்குத் தோன்றியது வேறு. மற்ற அணிகளுக்கு அச்சம் தந்த அந்த அகலத்தை மட்டேரா தனக்குக் கிடைத்த வயலாக எண்ணி ஓடினார். 2018இலும் அதேதான். எதிராளியின் மண்ணில் அவனுக்கு வாய்ப்பாக இருக்கும் ஒன்றைத் தனக்கு வாய்ப்பாக்கிக்கொண்ட அணிதான் அங்கே வென்றிருக்கிறது.

புதுவரவு (சிட்னி)

ஐயா, இதைப் படித்த பிறகு 1992 ஆட்டத்தின் பதிவைத் தேடிப் பார்த்தேன். மட்டேரா ஓடும்போது அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பது உண்மைதான். புதியவளான எனக்கே தெரிந்தது.

ஒரு கேள்வி. 2018இல் ஈகிள்ஸ் முழு பலத்தோடு ஆடியதா? சில பெயர்கள் இல்லாமல் ஆடியதாகப் படித்தேன்.

மேற்குக்கரையான் (பெர்த்)

முழு பலம் இல்லை, தோழி. அதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

அந்த ஆண்டு ஜூலையில், 17ஆம் சுற்றில், இதே எம்.சி.ஜி.யில் இதே காலிங்வுட்டை ஈகிள்ஸ் வென்றிருந்தது. அந்த ஆட்டத்தில்தான் நிக் நைடனூயியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. மையத்தில் நடுவர் பந்தை மேலே எழுப்பும்போது எழும்பித் தட்டிவிடும் உயரமான வீரரை ரக் என்பார்கள். அந்த வேலையில் அவருக்கு நிகர் சிலரே. ஆகஸ்டில், ஃப்ரீமேன்டிலின் ஆண்ட்ரூ பிரேஷாவைக் குத்தியதற்காக ஆண்ட்ரூ காஃபுக்கு எட்டு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. அது நியாயமான தடை. அதில் எனக்கு மனக்குறை இல்லை. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய சுற்றுகளில் பிராட் ஷெப்பர்டுக்குத் தொடைத்தசை போய்விட்டது. இப்படி மூன்று தூண்கள் இல்லை.

ரக் வேலையில் காலிங்வுட்டின் பிராடி கிரண்டிக்கு ஈடுகொடுக்க வார்டியையும் லைசெட்டையும் மாற்றி மாற்றி அனுப்பினார்கள். கிரண்டி உயரத்தில் வென்றார், அது எதிர்பார்த்ததுதான். அந்த வார்டிதான் கடைசி வரிசையின் இரண்டாவது மார்க்கைப் பிடித்தார் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாத ஒன்று. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய சுற்றில், ரிச்மண்டை வீழ்த்திய ஆட்டத்தில், காலிங்வுட்டின் ஸ்டீல் சைட்பாட்டம் 41 முறை பந்தைக் கையாண்டார். சிம்ப்சன் இறுதி ஆட்டத்தில் மார்க் ஹட்சிங்ஸ் என்ற, விளம்பரமே இல்லாத வீரரை அவருக்கு நிழலாக அனுப்பினார். ஹட்சிங்ஸ் தனக்கென்று பந்தைத் தேடவில்லை. சைட்பாட்டம் எங்கே போனாலும் தோளோடு தோளாகப் போனார். சைட்பாட்டம் அன்று 14 முறைதான் பந்தைத் தொட்டார். கூட்டத்தைக் கிளப்பிவிடும் ஒருவரின் கையில் பந்து சேராதபடி பார்த்துக்கொள்வதும் ஓசையைக் குறைக்கும் வழிதான். லூக் ஷூயிக்கு நார்ம் ஸ்மித் பதக்கம் கிடைத்தது. 34 முறை பந்தைக் கையாண்டார், முழுத் தகுதி உடையவர். ஆனால் என் மனத்தில் ஹட்சிங்ஸுக்கும் ஓர் இடம் உண்டு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கடைசிக் காற்பகுதியில் ஜாக் டார்லிங், யாரும் நெருக்காத நிலையில், கோலுக்கு மிக அருகே, கைக்குள் வந்த மார்க்கை நழுவவிட்டார். பிடித்திருந்தால் ஷீட்டின் உதைக்கு அவசியமே இருந்திருக்காது. அந்த ஓசையின் நடுவே ஆண்டு முழுதும் பிடித்த கைகளும் ஒரு நொடி தளரும். என் முறைக்கு விதிவிலக்கு அதுதான், மறைக்க விரும்பவில்லை.

நிதானன் (அடிலெய்டு)

உங்கள் கருத்தை இன்னொரு ஆட்டத்தில் வைத்துச் சோதித்தேன். 2024 செப்டம்பரில் சிட்னியில் நடந்த அரையிறுதிச் சுற்று ஆட்டத்தில், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியிடம் 44 புள்ளிகள் பின்தங்கியிருந்த பிரிஸ்பேன் மீண்டு வந்து ஐந்து புள்ளிகளில் வென்றது. அடுத்த வாரம் எம்.சி.ஜி.யில் ஜீலாங்கை வென்றது. அதற்கடுத்த வாரம் அங்கேயே சிட்னியை 60 புள்ளிகளில் வென்று கோப்பை எடுத்தது. மூன்று வாரங்கள், மூன்றும் வெளியூர். அவர்களும் உதைத்துப் பிடித்து முன்னேறும் அணிதான். ஆக, உங்கள் கருத்து ஓரளவு பொருந்துகிறது.

ஆனால் 2023இல் அதே பிரிஸ்பேன் அதே முறையில் ஆடி, எம்.சி.ஜி. இறுதி ஆட்டத்தில் காலிங்வுட்டிடம் நான்கு புள்ளிகளில் தோற்றதே! அன்று ஓசை வேலை செய்ததா, இல்லையா?

யாரா நதியோரம் (மெல்பர்ன்)

2023க்கு நான் பதில் சொல்கிறேன். அன்றும் அங்கே இருந்தேன். வேலை செய்தது. கடைசி நிமிடங்களில் பந்து பெரும்பாலும் தரையில்தான் கிடந்தது; ஒவ்வொரு குவியலிலும் எங்கள் தொண்டை இருந்தது. மேற்குக்கரையான் சொன்ன முதல் வகை நிலை அதுதான். ஆகவே அந்தத் தோல்வி அவர் கருத்தை மறுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நேற்றிரவு 2018இன் கடைசி மூன்று நிமிடங்களை ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் அப்படிப் பார்த்ததில்லை. உண்மையில் முழுதாகப் பார்த்ததே இல்லை, ரயன் துள்ளும் இடத்தில் எழுந்து போய்விடுவேன். ஓசை இல்லாமல் பார்க்கும்போது அது வேறோர் ஆட்டமாக இருக்கிறது. மெக்கவர்ன் முதல் ஷீட் வரை நான்கு பேரின் கைகளும் மார்புக்கு மேலே, ஒரே மாதிரி, பயிற்சி நாளில் பிடிப்பதைப்போலப் பிடிக்கின்றன. எங்கள் வீரர்கள் ஒவ்வொரு முறையும் பந்து போய்ச் சேர்ந்த பிறகே வந்து சேர்கிறார்கள். ஷீட் பின்வாங்கி நிற்கிறார். அவருக்குப் பின்னால் எல்லைக்கு வெளியே கறுப்பு வெள்ளைக் கொடிகளும் வாய் திறந்த முகங்களும் தெரிகின்றன. ஒலி இல்லாததால் அந்த முகங்களில் கோபம் தெரியவில்லை, கெஞ்சல்தான் தெரிகிறது. சாதாரண டிராப் பண்ட் உதைதான் உதைக்கிறார், வளைத்து உதைக்கவில்லை. பந்து புறப்பட்டதும் நேராகவே போகிறது.

நீங்கள் என் நினைவைக் கேட்டிருந்தீர்கள். ஆம், ரியோலி மறித்ததை நான் அந்த நொடியில் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த பெரியவரும் பார்க்கவில்லை. செவிப்பொறியில் வர்ணனையாளர் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் திரும்பி எங்களிடம் சொன்னார். அதற்குப் பிறகுதான் எங்கள் வரிசை கத்தியது. அப்போது ஷீட் ஓடத் தொடங்கிவிட்டார்.

ஆகவே ஓசை ஒரு நொடி பின்தங்கியது என்பதை ஏற்கிறேன். அது விதிமீறல்தான் என்பதில் மட்டும் என் கருத்து மாறவில்லை.